ரோட்டோரக் கீரையும் முதல் இருபது மீட்டரும்

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. காவிரி டெல்டாவுக்குள் புதிதாக என்னென்ன வரக்கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. துத்தநாக உருக்காலை, செம்பு உருக்காலை, அலுமினிய உருக்காலை, இரும்புத் தாது ஆலை, தோல் பதனிடும் ஆலை, எண்ணெய் எரிவாயுக் கிணறு என்று அது நீள்கிறது. மேடைகளில் அடிபட்டதெல்லாம் கடைசியில் சொன்ன கிணறுதான். உருக்காலைகளைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை, டெல்டாவில் அப்படி ஒன்று வரப்போவதாக யாரும் பயப்படவும் இல்லை. அதே சட்டம், சாலை, துறைமுகம், குழாய்ப்பாதை, மின்சாரம் போன்ற உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குத் தான் பொருந்தாது என்றும் சொல்லிவிடுகிறது.

சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் துத்தநாகமும் செம்பும் ஈயமும் காட்மியமும் வயலுக்கு வர உருக்காலைதான் வேண்டும் என்பதில்லை. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் போகிற 83ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலும், விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வருகிற 36ஆம் எண் சாலையிலும் அவை நாள் முழுக்கப் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அளவு சிறியது. ஆனால் உலோகம் மக்காது, ஆவியாகாது. விழுந்த இடத்தில் அப்படியே கிடக்கும். ரோட்டோரத்தில் வளர்கிற கீரைக்குள் அதில் எவ்வளவு போகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

பலர் இதைப் புகைச் சமாச்சாரமாக நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அது சரி. பெட்ரோலில் எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காக ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தார்கள். 1920களில் அமெரிக்காவில் தொடங்கிய பழக்கம் அது. இந்தியாவில் 1995இல் நான்கு பெருநகரங்களில் ஈயம் கலக்காத பெட்ரோல் வந்தது, 2000இல் நாடு முழுவதும் அதுவே ஆனது. உலகத்திலேயே கடைசியாக 2021இல் அல்ஜீரியா நிறுத்தியது. ஆக, இன்றைக்குப் புகைக்குழாயிலிருந்து வரும் ஈயம் கணக்கில் கொள்ளும் அளவுக்கு இல்லை. பழையது மண்ணில் இருக்கிறது. அதிலும் டெல்டாவுக்கு ஓர் ஆறுதல் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்தச் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் டீசல் பஸ்ஸும் டீசல் லாரியும்தான், டீசலில் ஈயம் கலந்ததே இல்லை. சென்னை அண்ணா சாலை ஓரத்து மண்ணோடு அய்யம்பேட்டை ரோட்டோர மண்ணை ஒன்றாக வைத்துப் பேச முடியாது.

இன்றைய உலோகம் தேய்மானத்திலிருந்து வருகிறது. டயர் ரப்பரில் சுமார் 1 முதல் 2 சதவீதம் துத்தநாக ஆக்சைடு. ரப்பரை வேகவைத்து இறுக்குவதற்கு அது தேவை. டயர் தேயத் தேய அது தூசியாகிறது. துத்தநாகத் தாதுவோடு காட்மியம் ஒட்டிப்பிறந்தது, அதனால் துத்தநாகம் போகும் இடமெல்லாம் அதன் பின்னால் கொஞ்சம் காட்மியமும் போகும். பிரேக் லைனிங்கிலிருந்து செம்பும் ஆன்டிமனியும் இரும்பும் வருகின்றன. என்ஜின் ஆயிலில் துத்தநாகச் சேர்மம் இருக்கிறது, சாலை வளைவுகளில் நிற்கும் கால்வனைஸ் தடுப்புத் தகடும் மழையில் துத்தநாகத்தைக் கரைத்துவிடுகிறது. வீல் பேலன்சிங்குக்காக ரிம்மில் அடிக்கிற சின்ன ஈயக் கட்டி, குண்டு குழியில் கழன்று விழுந்து, அடுத்தடுத்து வரும் சக்கரங்களுக்கு அடியில் அரைபடுகிறது. ஐரோப்பாவில் 2005இல் கார்களுக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள். சாலையில் கோடு போடுகிற மஞ்சள் பெயின்டிலும் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்று இந்தியாவில் 2017 நவம்பரிலிருந்து விதி இருக்கிறது. அது வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பூசுகிற பெயின்டுக்கான விதி, சாலைக்கோட்டு மஞ்சளை அது தொடாது.

இதனால்தான், எலெக்ட்ரிக் வண்டி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்பதில்லை. புகை நிற்கும். டயர் நிற்காது. பேட்டரியின் எடையால் டயர் இன்னும் வேகமாகத் தேயும்.

இந்தத் தூசி எவ்வளவு தூரம் போகும்? இதுதான் கட்டுரையின் முக்கியமான எண். தேய்மானத் தூசி பெரும்பாலும் கனமானது, சாலை விளிம்பிலேயே விழுந்துவிடும். உலகம் முழுக்க நடந்த மண் ஆய்வுகளில் ஒரே வடிவம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: முதல் 10 மீட்டரில் மிக அதிகம், 20, 30 மீட்டருக்குள் மளமளவென்று குறைவு, 50 முதல் 100 மீட்டருக்குள் ஊர் மண்ணின் இயல்பான அளவு. பெர்லின் நகரத்தில் போக்குவரத்து நெருக்கடி மிகுந்த இடங்களில் வளர்ந்த காய்கறிகளைச் சோதித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், சாலையிலிருந்து 10 மீட்டருக்குள் இருந்த மாதிரிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஐரோப்பிய ஈய வரம்பைத் தாண்டியிருந்தன. 10 மீட்டருக்கு அப்பால் இருந்தவற்றில் அது 38 சதவீதம். நடுவில் கட்டடமோ அடர்ந்த செடிகொடியோ இருந்த இடங்களில் இன்னும் குறைவு. பெர்லின் பழைய தொழில் நகரம், அந்தச் சதவீதத்தை அப்படியே இங்கே ஒட்டக்கூடாது. குறைகிற விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சாலை நெடுக ஒரே சீராகவும் உதிர்வதில்லை. பிரேக் அடிக்கும் இடத்தில்தான் செம்பு விழும், வேகம் எடுக்கும் இடத்தில்தான் டயர் தேயும். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற பழைய சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு பாலத்தின் வாயிலும் வண்டி பிரேக் போட்டு, எதிரே வருவதற்கு வழிவிட்டு, மறுபடி கியர் மாற்றிக் கிளம்பும். டோல்கேட், லெவல் கிராசிங், வேகத்தடை, பஸ் ஸ்டாப் எல்லாம் இதே வகை. காற்றும் உண்டு. தென்வடலாகப் போகும் சாலையில் ஆடி மாதத்து மேல்காற்று, தூசியைக் கிழக்குப் பக்கத்து வயலுக்குத்தான் தள்ளும்.

இவ்வளவும் எந்த ஊர்ச் சாலைக்கும் பொருந்தும். டெல்டாவுக்கென்று தனியாக இருப்பது தண்ணீர்.

இங்கே சாலை மேட்டில் இருக்கும், வயல் பள்ளத்தில் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடும். வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திப் போட்ட சாலைகள் இவை. பல இடங்களில் சாலைக்கு மண் எடுத்த பள்ளமே வாய்க்காலாகிவிட்டது, பல இடங்களில் பழைய பாசன வாய்க்காலின் கரையே சாலையாகிவிட்டது. கோடை முழுக்கத் தாரில் சேர்ந்து கிடக்கும் தூசியை முதல் மழை கழுவி இறக்குகிறது. பல நாள் வெயிலுக்குப் பின் பெய்கிற மழையின் முதல் கால் மணி நேர ஓட்டத்தில்தான் உலோகம் மிக அதிகமாக இருக்கும், பிறகு தண்ணீர் தெளிந்துவிடும். அந்தக் கறுப்புத் தண்ணீர் நேராக வாய்க்காலில் விழுந்து, மதகு வழியாக வயலுக்குப் போகிறது. தூசி காற்றில் 20 மீட்டர் போனால், தண்ணீரில் அதைவிட அதிகம் போகும். ஆனால் உலோகத்தின் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்திருப்பதில்லை, சேற்றோடு ஒட்டியிருக்கும். வாய்க்காலின் அடிவண்டலில் தங்கிவிடும்.

அந்த அடிவண்டல் அங்கேயே கிடந்தால் பரவாயில்லை. ஆண்டுதோறும், வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி, மேட்டூர் அணை திறப்பதற்கு முன்பு தூர்வாருகிறோம். பொக்லைன் வாரிப் போட்ட மண் கரையிலேயே குவிந்து கிடக்கும். ஈரமான, கறுத்த, பார்க்க வளமான மண். கரையை ஒட்டிய வீட்டுக்காரர் அதைக் கொஞ்சம் பரப்பி, சுரை, பூசணி, கீரை போட்டுவிடுவார். சிலர் வண்டல் மண் என்று வண்டியில் ஏற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோவார்கள். ஏரி வண்டல் நல்ல உரம், அதில் சந்தேகமே இல்லை, அரசே விவசாயிகளை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நெடுஞ்சாலை ஓரத்து வாய்க்கால் வண்டல் வேறு. சாலையிலிருந்து பல ஆண்டுகளாக இறங்கியதெல்லாம் அதில்தான் படிந்திருக்கிறது. என்னைக் கேட்டால், ரோட்டோரத் தூசியைவிட நாம் முதலில் கவனிக்க வேண்டியது இந்தத் தூர்வாரிய மண்ணைத்தான். அதைச் சாலைக் கரைக்கே திரும்பப் போட்டு, புல் பிடிக்க விட்டுவிட்டால் போதும்.

மண்ணுக்குள் போன உலோகமெல்லாம் செடிக்குள் போய்விடாது. ஈயம் களிமண்ணோடும் மக்கோடும் இறுகப் பிடித்துக்கொண்டு மேல் சில அங்குலத்திலேயே நின்றுவிடும். வேருக்குள் நுழைந்தாலும் வேரிலேயே தங்கும், இலைக்கு ஏறுவது சொற்பம், காய்க்குப் போவது அதைவிடச் சொற்பம். அதனால் கீரையில் ஈயம் இருந்தால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து இலைமேல் விழுந்ததாகவோ, மழைத்துளி தெறித்து ஒட்டிய மண்ணாகவோதான் இருக்கும். காட்மியம் நேர் எதிர். துத்தநாகம் என்று நினைத்துச் செடி அதை உள்ளே விட்டுவிடும், தண்டு வழியாக இலை வரை ஏறும். முளைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை என்று நாம் தினமும் வாங்குகிற கீரைக் குடும்பம் காட்மியத்தை இழுப்பதில் பெயர்பெற்றது. பொதுவாகக் கீரை முதலில், கிழங்கு அடுத்து, கத்தரி வெண்டை போன்ற காய்கள் அதற்கும் பின்னால், தானியமும் பயறும் கடைசி.

மண்ணின் குணம் இதில் பாதியைத் தீர்மானிக்கிறது. பழைய டெல்டாவின் களி வண்டல் உலோகத்தைப் பிடித்து வைக்கும், அதன் கார அமில நிலையும் நடுநிலையை ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ இருப்பதால் கரைவது குறைவு. 1934இல் மேட்டூரோடு சேர்ந்து கல்லணைக் கால்வாய் வந்த பிறகு பாசனம் பெற்ற புது டெல்டாவில், வல்லம், ஒரத்தநாடு பக்கம், செம்பொறை மண். அது அமிலத்தன்மை உள்ளது. ஒரே அளவு காட்மியம் அங்கே செடிக்கு எளிதாகக் கிடைக்கும். கொள்ளிடப் படுகை மணலுக்கு எதையும் பிடித்து வைக்கிற சக்தி குறைவு. கடைமடையில், நாகை வேதாரண்யம் பக்கம், உப்பு ஒரு பிரச்சினை: குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதை மண்ணிலிருந்து கழற்றிவிடும். ஆக, ஒரே சாலை, ஒரே போக்குவரத்து என்றாலும் பாபநாசத்தில் ஒரு கணக்கு, பட்டுக்கோட்டையில் ஒரு கணக்கு.

நெல்லைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கட்டிய வயலில் ஆக்சிஜன் இல்லாததால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடும், நெல்லுக்குக் கிடைக்காது. ஜப்பானில் ஜின்சூ ஆற்றுப் பாசனத்தில் நெல் தின்று எலும்பு நொறுங்கிப் போன மக்களின் கதை, மேலே இருந்த துத்தநாகச் சுரங்கத்தின் கதை. நம் சாலையோர வயலோடு அதை ஒப்பிட வேண்டியதில்லை. வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டுகிற காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் காட்மியம் கொஞ்சம் கூடும், ஆர்செனிக் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான்.

காட்மியத்துக்குச் சாலை மட்டும் பொறுப்பும் இல்லை. டிஏபி உர மூட்டையில் வருகிற பாஸ்பேட் பாறையிலேயே அது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் பாஸ்பேட் உரத்தில் ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என்று வரம்பு வைத்திருக்கிறது. குப்பையிலிருந்து செய்த நகராட்சி உரத்துக்கு இங்கேயும் வரம்பு உண்டு: ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராம், காட்மியம் 5. பேட்டரி உடைசலும் பெயின்ட் டப்பாவும் சேர்ந்த குப்பையில் அந்த வரம்பு நிற்குமா என்பது குப்பையைத் தரம் பிரிக்கிறவர் கையில் இருக்கிறது.

இப்போது எண்கள். இந்த விஷயத்தில் செய்தித்தாள் தலைப்புகள் தடுமாறுவது இங்கேதான். "அனுமதித்த அளவைவிட 8 மடங்கு ஈயம்" என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது, எந்த அனுமதி? சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், கீரை வகைக்கு ஈயம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், காட்மியம் 0.2 மில்லிகிராம் என்கிறது. நம் நாட்டின் பழைய உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளில் பொதுவான வரம்பு ஈயத்துக்கு 2.5, காட்மியத்துக்கு 1.5. இந்திய ஆய்வுக் கட்டுரைகள் பலவும் இந்தப் பழைய எண்ணோடுதான் ஒப்பிட்டன. ஒரே கீரைக்கட்டு ஒரு கணக்கில் பாஸ், இன்னொரு கணக்கில் எட்டு மடங்கு ஃபெயில்.

இரண்டாவது கேள்வி, எடை ஈரத்திலா, உலர்த்திய பிறகா? ஆய்வகத்தில் கீரையை அடுப்பில் உலர்த்திப் பொடியாக்கித்தான் அமிலத்தில் கரைப்பார்கள், பெரும்பாலான கட்டுரைகள் உலர் எடைக்கே கணக்கு சொல்லும். கோடெக்ஸ் வரம்போ நாம் வாங்குகிற பச்சைக் கீரைக்கு. நூறு கிராம் கீரை உலர்ந்தால் 12 கிராம் தேறலாம், மற்றது தண்ணீர். உலர் எடையில் 2.5 என்று வந்தால் பச்சை எடையில் அது 0.3 தான். இந்த மாற்றத்தைச் செய்யாமல் பயமுறுத்திய கட்டுரைகள் நிறைய.

சரி, 0.3 என்றால் பயமில்லையா? அதுவும் அவ்வளவு எளிதில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு 50 கிராம் கீரை மசித்துக் கொடுக்கிறோம். அதில் கோடெக்ஸ் வரம்பளவே ஈயம் இருந்தாலும் 15 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராம் என்று 2022இல் ஒரு குறியீட்டு அளவு வைத்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, ஈயத்துக்கு முன்பு வைத்திருந்த வார வரம்பை 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை என்பதுதான் காரணம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் நான்கைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சும், போகிற இடம் மூளை. ரத்தத்தில் அது ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும், எலும்பில் இருபது முப்பது வருடம் உட்கார்ந்திருக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது மறுபடி ரத்தத்துக்கு வரும். காட்மியம் சிறுநீரகத்தில் தங்கும், அதுவும் பல பத்தாண்டுகள். (பீடி பிடித்துக்கொண்டே கீரைக் காட்மியத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: புகையிலைச் செடி காட்மியத்தை இழுப்பதில் கீரைக்கு அண்ணன்.)

ஈயம் என்று இங்கே சொல்வது காரீயத்தை. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். ஆனால் மலிவாகக் கிடைக்கிற சொம்பில் காரீயம் கலந்திருந்தால், சூடும் புளிப்பும் சேர்ந்து அதைக் கரைத்துவிடும். ரோட்டோரக் கீரையை விசாரிக்கிற வீட்டில் அதையும் விசாரிப்பது நல்லது.

இதைப் படித்துவிட்டு யாரும் கீரையை நிறுத்திவிடக் கூடாது. அப்படி நிறுத்துவது பெரிய தவறு. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உடம்பில் இரும்பும் கால்சியமும் குறைந்தால் குடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். கீரையை விட்டால் அந்தக் குறை இன்னும் ஏறும். கீரை வேண்டும், அது எங்கே வளர்ந்தது என்பதுதான் கேள்வி.

எங்கே வளர்ந்தது என்பதோடு எங்கே கழுவினார்கள், எங்கே விற்றார்கள் என்பதும் சேர்ந்தது. பாபநாசம் தாண்டி, சாலையை ஒட்டிய பாத்தியில் காலையில் கீரை பிடுங்கிக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். வாழைநாரால் முடிச்சுப் போட்டு, வேர் மண்ணோடு கட்டை வாய்க்காலில் ரெண்டு முக்கு முக்கி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, எதுக்கு இங்கயே அலசுறீங்க?"

"ரோட்டுத் தூசிதான் தம்பி. அப்படியே கொண்டுபோனா வாங்குறவங்க முகம் சுளிப்பாங்க. மண்ணும் போவும், வாடாமலும் இருக்கும்."

அவர் சொன்னதில் தப்பில்லை, தூசியைப் போக்கத்தான் அலசுகிறார். சாலைத் தண்ணீர் இறங்குகிற அதே வாய்க்காலில். தெளிந்து ஓடும் நாளில் அது ஓரளவு பயன்தான், முதல் மழைக்கு மறுநாள் அது நேர் எதிர். அங்கிருந்து கட்டு கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ போய், பஸ் நிற்கும் இடத்தில் சாக்கின் மேல் பகல் முழுக்கக் கிடக்கும். வாடாமல் இருக்க அடிக்கடி தண்ணீர் தெளிப்பார்கள். ஈர இலையில் தூசி நன்றாக ஒட்டும். வாரணாசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வயலிலும் சந்தையிலும் காய்கறிகளை எடுத்துச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், சந்தை மாதிரிகளில் உலோகம் வயல் மாதிரிகளைவிட அதிகமாக இருந்தது. வயலைத் திட்டிக்கொண்டிருக்கும் நாம் கடையை மறந்துவிடுகிறோம்.

உளுந்தும் இதில் சேர்த்தி. பங்குனி சித்திரையில் டெல்டாவில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: உளுந்துச் செடியையும் எள்ளையும் சாலையில் அடர்த்தியாகப் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்துக் கதிரடித்துக் கொடுக்கும். களம் இல்லை, ஆள் கூலி கட்டாது, தார் ரோடு இலவசம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்பதால் நெல்லும் சாலைக்கு வருகிறது. பரப்பியிருப்பது நேராக டயர் தூசியின் மேல். நெல்லுக்கு உமி இருக்கிறது, உளுந்தைத் தோல் நீக்கிக் கழுவித்தான் அரைக்கிறோம், அதனால் பெரும்பகுதி போய்விடும். எள்ளுக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. விபத்துக்காக இந்தப் பழக்கத்தைக் கண்டிக்கிறார்கள், அது நியாயம். களமே கட்டாமல் கண்டிப்பதில் நியாயம் இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம்? ஓடும் குழாய்த் தண்ணீரில் இலை இலையாக அலசினால் மேலே ஒட்டிய ஈயத்தில் கணிசமான பங்கு போய்விடும். தண்ணீரில் நூற்றுக்கு ஒரு பங்கு வினிகர் கலந்து ஊறவைத்துக் கழுவினால் இன்னும் கொஞ்சம் போகும். கிழங்கைத் தோல் சீவ வேண்டும், கீரையின் அடித்தண்டையும் வெளி இலையையும் கழித்துவிட வேண்டும். மஞ்சள் தூள் போட்ட தண்ணீர் உலோகத்தை ஒன்றும் செய்யாது. அந்த மஞ்சளிலேயே நிறத்துக்காக ஈய குரோமேட் கலப்பவர்கள் இருக்கிறார்கள். இலைக்குள் ஏறிவிட்ட காட்மியத்தை எந்தக் கழுவலும் எடுக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது.

கும்பகோணம் வெற்றிலையைப் பற்றித் தனியாக ஒரு வரி. பச்சையாக மெல்வது, தினமும் மெல்வது. அகத்தி நிழலில், கொடிக்காலுக்குள் அடைப்பாக வளர்வதால் தூசி குறைவு. சாலையை ஒட்டிய முதல் வரிசையைத் தவிரக் கவலைப்பட அதிகம் இல்லை. இலையைத் துடைத்துக் காம்பு கிள்ளும் பழைய பழக்கம் நல்ல பழக்கம்.

இதையெல்லாம் அளந்து பார்க்க முடியாதா என்றால், முடியும், ஆனால் அளப்பதில்லை. விவசாயி கையில் இருக்கும் மண்வள அட்டையில் 12 விவரங்கள் உண்டு. தழை மணி சாம்பல், கார அமில நிலை, உப்பு, கரிமம், கந்தகம், போரான், அதோடு துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு. துத்தநாகத்தை அளப்பது போதவில்லையா என்று பார்ப்பதற்கு. டெல்டா நெல் வயலில் அது பெரும்பாலும் பற்றாக்குறைதான், ஜிங்க் சல்பேட் வாங்கிப் போடுகிறோம். ஈயமும் காட்மியமும் அட்டையில் கிடையாது. அதே மாதிரியை ஆய்வகத்தில் அமிலத்தில் கரைத்தால் அந்த இரண்டும் தெரிந்துவிடும். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இலிருந்து இருக்கிறது. தஞ்சாவூரில் மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையமும், உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே தேசிய நிறுவனமும் இருக்கின்றன. கருவிக்குக் குறைவில்லை. நெடுஞ்சாலைகளை ஒட்டி 5, 20, 50 மீட்டரில் மண்ணும் கீரையும் எடுத்து, குறுவைக் காற்றில் ஒருமுறை, அடைமழைக்குப் பின் ஒருமுறை பார்த்தால் இந்தக் கட்டுரையில் நான் பெர்லினையும் வாரணாசியையும் கூப்பிட வேண்டியிருக்காது. காந்தத்தை ரோட்டு மண்ணில் ஓட்டி "பாருங்கள் விஷ உலோகம்" என்று காட்டும் வீடியோக்களை மட்டும் நம்ப வேண்டாம். காவிரி மணலில் இயற்கையாகவே கறுப்பு மேக்னடைட் மணல் இருக்கிறது, ஆற்றுக்கு நடுவில் ஓட்டினாலும் காந்தத்தில் ஒட்டும்.

அளக்கும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது, முதல் இருபது மீட்டரில் கீரை போடாமல் இருப்பது. அந்தப் பட்டையைத் தரிசாக விடச் சொல்லவில்லை. அங்கே வாழை இருக்கலாம், தென்னை இருக்கலாம். பந்தல் போட்டுப் புடலை, பாகல், பீர்க்கன் ஏற்றினால் காய் தரையை விட்டு உயர்ந்துவிடும், மண் தெறிக்காது, காய்க்குள் போகும் உலோகமும் குறைவு. மருக்கொழுந்து, சம்பங்கி, கோழிக்கொண்டை போடலாம், தஞ்சாவூர்ப் பூச்சந்தை பக்கத்தில்தான் இருக்கிறது, பூவை யாரும் தின்பதில்லை. சாலை ஓரத்தில் நொச்சியோ ஆடாதொடையோ நெருக்கமாக வேலி வைத்தால் தூசியில் ஒரு பங்கை அதுவே பிடித்துக்கொள்ளும். நான்கு வழிக்காக வெட்டிய புளியமரங்கள் பாதியாவது இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. மண்ணில் தொழுவுரம் சேர்ப்பதும், செம்பொறை மண்ணில் கொஞ்சம் சுண்ணாம்பு போடுவதும் உலோகத்தை வேருக்குக் கிடைக்காமல் கட்டிப்போடும். கீரைப் பாத்தியை அதே வயலின் பின்கோடிக்கு மாற்றினால் போதும், பயிரை விட வேண்டியதில்லை.

சொல்வது சுலபம். ரோட்டோரத்தில் கீரை போடுகிறவர் பெரும்பாலும் இருபது முப்பது சென்ட் வைத்திருக்கிற குத்தகைக்காரர். ரோடு பக்கத்தில் இருப்பதுதான் அந்தத் துண்டு நிலத்தின் வசதியே, பிடுங்கிய கட்டை அங்கேயே பஸ்ஸில் ஏற்றலாம். கீரை 25 நாளில் காசாகும். வாழைக்குப் பத்துப் பதினோரு மாதம் காத்திருக்க வேண்டும், பந்தலுக்குக் கல்லும் கம்பியும் வாங்க முதல் வேண்டும். பந்தலுக்குத் தோட்டக்கலைத் துறை மானியம் தருகிறது. அதற்குச் சிட்டா, அடங்கல் என்று நில ஆவணம் கேட்பார்கள். சிட்டா கோயில் பேரிலோ நிலக்காரர் பேரிலோ இருக்கும். குத்தகையைப் பதிய 1969இலேயே ஒரு சட்டம் போட்டாகிவிட்டது, ஆனால் வாய்வார்த்தையில் ஓடும் குத்தகை பெரும்பாலும் அந்தப் பதிவேட்டில் ஏறுவதில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய முதல் இருபது மீட்டருக்காவது, கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்று ஒன்றை வைத்தே மானியம் கொடுக்கலாம் என்று ஓர் உத்தரவு வந்தால், பாபநாசத்து அக்காவின் பாத்தி பின்கோடிக்குப் போகும், முன்பக்கம் பந்தல் ஏறும்.